குளியலறையும் ஊறுகாய் ஜாடியும்

ஆவக்காய் ஜாடியில் யாராவது ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டால் வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "யார் இந்தக் காரியத்தைச் செய்தது?" என்று ஒரு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்துவிடும். ஜாடியைக் கழுவி, வெயிலில் காய வைத்து, துடைத்து, வாயை வேடு கட்டி, கரண்டியைக்கூடத் தனியாக வைத்துப் போற்றுகிறோம். ஏன்? ஈரம் பட்டால் பூசணம் பூக்கும். இதை நமக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. பாட்டியின் குட்டு கற்பித்தது.

அதே நாம் குளித்துவிட்டு வந்ததும் என்ன செய்கிறோம்? நாலு சுவரும் வேர்த்து வழியும். ஈரத் துண்டை உள்ளேயே மாட்டுவோம். நனைந்த துணிகளை வாளியில் குவித்து வைப்போம். ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டுக்குத் தெரியும் என்று அதையும் மூடி வைத்திருப்போம். கடைசியில் கதவையும் இழுத்துச் சாத்திவிட்டு வருவோம். ஒரு மாதம் கழித்துக் கூரையின் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வைத்தால், "ஐயோ, இது எங்கிருந்து வந்தது?" என்று அதிசயப்படுவோம்!

சகோதரிகளே, உங்களுக்குப் புத்தி சொல்லும் முன் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்த வாரம் எழுத வந்ததே அதற்காகத்தான்.

போன ஐப்பசியில், எங்கள் குளியலறையில் வெந்நீர்க் குழாய்க்கு மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் படர்ந்திருந்தது. என் மருமகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, இதைச் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கலாமே?" என்றாள். "தீபாவளிக்கு நாலு நாள்தான் இருக்கிறது. இரண்டு கோட் அடித்தால் எல்லாம் அடங்கிவிடும்" என்றேன் நான். மாமியார் வாக்குக்கு அப்பீல் ஏது? அடித்தோம். பளிச்சென்று இருந்தது. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

கார்த்திகை தீபம் வந்தது. கறுப்பும் வந்தது. முன்பு ஒரு உள்ளங்கை. இப்போது இரண்டு முழம்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளைக் கூப்பிட்டேன். எங்களிடம் பத்து வருஷமாக இருப்பவள். அவள் கையில் பிளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலமும், கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டில் ஒன்றும் கொடுத்தேன். "இரண்டையும் போட்டு நன்றாகத் தேய். ஒரு மருந்துக்குக் கேட்காதது இரண்டு மருந்துக்குக் கேட்கும்" என்றேன். அதோடு விட்டேனா? "வாடை கூடத்துக்கு வராமல் கதவைச் சாத்திக்கொள்" என்றும் சொன்னேன்.

சொன்னபடி அவள் பவுடரைத் தூவினாள். அதன் மேல் ஆசிட்டை ஊற்றினாள். கதவைச் சாத்திக்கொண்டு குந்தி உட்கார்ந்து தேய்த்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிராது. கதவு தடாரென்று திறந்தது. கண் இரண்டும் சிவந்து நீர் கொட்ட, மார்பைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி, சுவரைப் பற்றியபடி வெளியே வந்தாள். பேச்சு வரவில்லை. என் மருமகள் ஓடிவந்து அவளைப் பால்கனிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள். எல்லா ஜன்னலையும் திறந்தாள். முகத்தையும் கண்ணையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பிராணவாயு கொடுத்து, இரவு வரை வைத்திருந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்தது மறுபிழைப்பு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன மாதிரிதாம்மா செஞ்சேன்" என்றாள். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. தான் தவறு செய்துவிட்டோமோ என்ற பயத்தில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

நடந்தது என்ன?

பிளீச்சிங் பவுடரிலும், 'ஹைப்போ' என்று சொல்கிற பிளீச்சிங் திரவத்திலும் குளோரின் அடங்கிக் கிடக்கிறது. ஆசிட் பட்டால் அது வாயுவாகப் பீறிட்டு வெளியே வருகிறது. 1915-ம் வருஷம் முதல் உலக யுத்தத்தில், பெல்ஜியத்தில் எதிரிப் படைகளின் மேல் ஜெர்மானியர்கள் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். போர்க்களத்தில் செய்ததை நான் குளியலறையில் செய்திருக்கிறேன்! இன்னொரு விஷயம்: குளோரின் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். நின்றுகொண்டு யோசனை சொல்பவளைவிடக் குந்தித் தேய்ப்பவளுக்குத்தான் அதிகம் ஏறும்.

ஆகையால், கீழ்க்கண்டவற்றைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தவறில்லை:

பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேரக் கூடாது. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஆசிட் உண்டு. ஆகவே அதுவும் சேரக் கூடாது. பிளீச்சிங்கோடு வினிகரோ எலுமிச்சம் பழச் சாறோ சேரக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் சேரக் கூடாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போடுவதும் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு சாமான், அவ்வளவுதான்.

தப்பித் தவறி நேர்ந்துவிட்டால், பாட்டிலை எடுக்க உள்ளே ஓடாதீர்கள். ஆளை வெளிக் காற்றுக்குக் கொண்டு வாருங்கள். ஜன்னல் கதவுகளைத் திறவுங்கள். கண்ணில் எரிச்சல் இருந்தால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவுங்கள். மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் 108-க்கு டெலிபோன் செய்யுங்கள். "இப்போது தேவலை" என்று அவர் சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் தொந்தரவு கொடுக்கலாம்.

சுவர் ஏன் வேர்க்கிறது?

சரி, அந்தக் கறுப்புக்கு வருவோம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோக்கிறது அல்லவா? தம்ளர் ஒழுகவில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஈரம் குளிர்ந்த பக்கத்தில் பட்டு நீராகிறது. சூடான காற்று நிறைய ஈரத்தைச் சுமக்கும். குளிர்ந்தால் அந்தச் சுமை தாங்காது. 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 17 கிராம்தான். மீதி 13 கிராம் எங்கே போகும்? கண்ணாடியிலும், டைல்ஸிலும், கூரை மூலையிலும் உட்கார்ந்துகொள்ளும்.

சென்னையில் மார்கழி விடியற்காலையில் வெளிச்சுவர் ஜில்லென்று இருக்கும். உள்ளே நாம் கீஸரைத் திருகி ஆவி பறக்கக் குளிக்கிறோம். ஒருவருக்குப் பின் ஒருவராக நாலு பேர் குளித்தால் சுவருக்குக் காய நேரம் ஏது? கோடையிலும் ஒரு வேடிக்கை உண்டு. படுக்கையறையில் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம். அந்த அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் குளிர்ந்து போய், குளியலறைப் பக்கத்தில் வேர்க்கிறது. ஏ.சி.யை 25 அல்லது 26-ல் வைத்தால் சுவரும் பிழைக்கும், மின்சாரப் பில்லும் பிழைக்கும்.

பூசணத்தின் விதைகள் எங்கும் காற்றில் மிதக்கின்றன. அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. அவற்றுக்கு வேண்டியது இரண்டு: ஈரம், சாப்பாடு. சோப்புப் படிவு, உடம்பு எண்ணெய், தூசி, ஏன், பெயிண்டுமே அவற்றுக்குச் சாப்பாடு. இந்த விருந்தை நிறுத்துவது கஷ்டம். ஈரத்தை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ நாளைக்குள் காய்ந்துவிடும் இடத்தில் பூசணம் பெரும்பாலும் வேர் பிடிப்பதில்லை.

நம் பாட்டிகள் காலத்தில் இந்தத் தொல்லை ஏன் குறைவு? குளியலறை கொல்லைப்புறத்தில் இருந்தது. காற்று நாலு பக்கமும் புகுந்து புறப்பட்டது. சுவருக்குப் பொங்கல் தோறும் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. ஈரத்தையும் அது உள்ளே அடைத்து வைக்காது. இன்றைய ஃபிளாட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. ஆகவே நாம்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

ஒழுகலா, வேர்வையா?

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். சுவரைத் துடைத்து, ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி விடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் வேர்வை. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் இருந்தால் சுவருக்குள்ளிருந்து கசிவு வருகிறது. மேல் வீட்டுக் குழாயோ மொட்டை மாடியோ காரணமாக இருக்கலாம். அதற்குப் பிளம்பரைக் கூப்பிட வேண்டுமே தவிர, பெயிண்டரை அல்ல.

வெள்ளையாகப் பொரிந்து உதிர்ந்தால் அது பூசணமாக இல்லாமல் உப்பாக இருக்கலாம். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பு கரையும், பூசணம் கரையாது.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்று ஒரு கொடிய நோய் வந்தது நினைவிருக்கும். கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதி உள்ளவர்களையும், ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களையும் அது தாக்கியது. குளியலறைச் சுவரில் வழக்கமாகப் படரும் கறுப்பு வேறு இனம். அதைப் பார்த்து நடுங்க வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமாத் தொந்தரவு அதிகமாவதை உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டில் இளைப்புக்காரக் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால், சுத்தம் செய்யும்போது அவர்களை அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுங்கள். (அவர்கள் அறையின் கதவை! குளியலறைக் கதவை அல்ல.)

எடுப்பது எப்படி?

கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். கையில் ரப்பர் உறை, முகத்தில் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. காய்ந்த பூசணத்தை வறட்டுத் துடைப்பத்தால் தட்டக் கூடாது. தூளாகப் பறந்து மூக்கில் ஏறும். முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். டைல்ஸுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். பிறகு துடைத்துக் காய விடுங்கள்.

அதற்கும் அசையாத கறைக்குப் பிளீச்சிங் திரவம் உபயோகிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி போதும். பச்சைத் தண்ணீரில் கலக்க வேண்டும். சோப்பை நன்றாக அலம்பிய பிறகு தடவி, பத்து நிமிஷம் விட்டு, கழுவித் துடைத்து விடுங்கள். அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டுத் தேய்க்கலாம். ஏதாவது ஒன்றுதான், இரண்டும் அல்ல. (இனி எனக்கு இதில் சந்தேகமே வராது.)

ஆசிட்டை டைல்ஸுக்கு அடியோடு மறந்துவிடுங்கள். டைல்ஸ் இடுக்கில் பூசியிருக்கும் சிமெண்டை அது அரித்துக் குழி பறிக்கும். பூசணத்துக்குக் குடியிருக்க அறை கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். இடுக்குப் பூச்சு கறுத்துப் பொடிந்திருந்தால், அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.

பெயிண்ட் அடித்த சுவரிலும் கூரையிலும் பிளீச்சிங் மேலோடுதான் வேலை செய்யும். தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். அங்கே பூசணம் பிடித்த பெயிண்டை நனைத்துச் சுரண்டி எடுத்து, சுவரை நன்றாகக் காய விட்டு, அப்புறம்தான் பூசணம் பிடிக்காத ரகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். என் மருமகள் சொன்னது இதைத்தான். நான் கேட்காததும் இதைத்தான்.

திரும்ப வராமல் இருக்க

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். வெறும் வாளியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விழுந்தால்தான் ஆவி கிளம்பும். குழந்தைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமலும் இருப்பார்கள்.

குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரையும் தரையையும் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள். சாக்கடைக்குப் போகும் தண்ணீர் காற்றில் ஏறாது. ஒரு நிமிஷ வேலை. குளிப்பவர் யாரோ அவரே செய்ய வேண்டும், ஆண்பிள்ளைகள் உள்பட!

எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் குளிக்கும்போது போட்டு, அரை மணி கழித்து அணையுங்கள். மின்சாரம் வீண் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு: 40 வாட் விசிறியைத் தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 1.2 யூனிட். ஆனால் கதவை இறுக மூடிவிட்டு விசிறியைப் போட்டால் அது எந்தக் காற்றை இழுக்கும்? கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். விசிறிக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பட்டைகள் திறந்திருந்தால் வந்த காற்றே திரும்பிப் போகும். அவற்றை மூடி, காற்றைக் கதவுப் பக்கமிருந்து வரச் செய்யுங்கள். விசிறி இறக்கையில் ஒட்டடை படியாமல் அவ்வப்போது துடையுங்கள்.

குளியலறைக்குள் காஸ் கீஸர் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் அது எரிந்தால் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரையே வாங்கும். காஸ் கீஸரின் இடம் குளியலறைக்கு வெளியே, காற்று உள்ள இடத்தில்.

"நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். விசிறி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பரவாயில்லை. குளித்த பிறகு கதவைத் திறந்து போடுங்கள். கூடத்தில் ஈரமில்லாத தரையில் மேஜை விசிறியை வைத்து, குளியலறைப் பக்கம் திருப்பி அரை மணி ஓட்டுங்கள். விசிறியோ வயரோ குளியலறைக்குள் வரக் கூடாது. ஈரக் கையால் தொடக் கூடாது. துண்டைப் பால்கனிக் கொடியில் உலர்த்துங்கள். காலியான ஷாம்பு பாட்டில்களை வெளியேற்றுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குளம் இருக்கும். சுவர்க் கசிவாக இருந்தால் மட்டும், படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகப் பேசுங்கள்.

நாலு நாள் கழித்து எங்கள் வீட்டு அம்மாள் வேலைக்கு வந்தாள். அந்த நாலு நாள் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. சுவரைச் சுரண்டும் வேலையை அவளிடம் கொடுக்கவில்லை. நானும் மருமகளும் மாஸ்க் கட்டிக்கொண்டு செய்தோம். என் மகன் விசிறி மாட்ட ஆள் கூட்டி வந்தான். ஆசிட் பாட்டில் எங்கள் வீட்டுக்குள் வருவது அன்றோடு நின்றது.

தை பிறந்து ஒரு நாள் காலை. வீட்டில் எல்லாரும் குளித்து முடித்தாயிற்று. குளியலறையைக் கழுவ உள்ளே போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடினேன்.

"ஒண்ணும் இல்லேம்மா. கண்ணாடியிலே முகம் தெரியுது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று சிரித்தாள்.

கூரை மூலையை அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.